சத்தம் அடுத்த வாரம்

நகல் எடுக்காமல் நான் எந்தப் பெட்டியையும் தொடுவதில்லை, மேடம். திண்டிவனத்தில் பத்தொன்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர், கேமரா, பிரிண்டர். என் கையில் யாருடைய ஃபைலும் தொலைந்ததில்லை. இதுவும் தொலையவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

விழுப்புரத்தில் பிரபாவதி வீட்டுக்கு அந்தப் பெட்டியை வைத்துக்கொடுத்தவன் நான்தான். பதினோரு வருடம் ஆகிறது. டிபன் கேரியர் உயரம் இருக்கும். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். அவள் கணவர் ஆனந்தராஜ் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். மகன் பிறந்த வருடம் வாங்கியது. பிரபாவதி போனில் எடுக்கும் வீடியோவெல்லாம் தானாகப் பெட்டிக்குப் போய்விடும், போனில் இடம் அடைக்காமல் அங்கே அழிந்துவிடும். அவர் மஸ்கட்டில் இருந்தபடி பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்வார். அப்படி அமைத்ததும் நான்தான்.

பையன் பெயர் சித்தார்த்தன். பத்து வயதில் கண்டமங்கலம் ரோட்டில் லாரி மோதி இறந்தான். ஐந்தாவது மாதம் பிரபாவதி எனக்கு போன் செய்தாள்.

“அண்ணா, போன் மாத்தினேன். புதுசுல பெட்டி தொறக்கவே மாட்டேங்குது. ரெண்டு நாளா புள்ள மொகத்தப் பாக்கல. ஜல்தியா வாங்கண்ணா.”

பெட்டியில் பழுது இல்லை. அதில் ஓடிய சாஃப்ட்வேர் பழையது. இப்போது வரும் போன்கள் அவ்வளவு பழையதோடு பேசுவதில்லை. அப்டேட் போட்டால் சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போனேன்.

முதலில் நகல். என் டிஸ்க் ஒன்றைப் பெட்டியில் செருகினேன். அது எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நான்கு மணி நேரம் ஆனது. அதற்குள் சோறு வடித்து, கருவாட்டுக் குழம்பு வைத்து, எனக்குப் பரிமாறினாள். முண்டியம்பாக்கத்தில் நர்ஸாக இருக்கிறாள். சாப்பிட வைக்கத் தெரியும். பையனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு நாற்பத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை, கடைக்கு மேலேயே அறை, சாப்பாடு மெஸ்ஸில். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. வீட்டில் யார் யார் என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

அப்டேட் இருபத்தாறு நிமிடத்தில் முடிந்தது. பெட்டி ஒருமுறை அணைந்து எழுந்தது. முந்நூற்று நாற்பது வீடியோவும் அப்படியே இருந்தன. ஐந்தரைக்கு ரயில். அவள் அடுப்படியில் எனக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். நான் இரண்டு டிஸ்கையும் ஃபார்மேட் செய்தேன்.

அழித்தேன் என்று எழுதுகிறீர்கள். நகல் என் பையில் இருந்தது, மேடம்.

யோசித்துத்தான் செய்தேன். வேலை முடிந்து வந்ததும் அவள் வீடியோ பார்க்க உட்கார்ந்துவிடுவாள், அடுப்பு பற்றவைக்க மாட்டாள். அதை அவளே சொன்னாள். மொத்தமாக இருந்தால் மொத்தமாகத்தான் பார்ப்பாள். எந்த மருந்தையும் ஒரே வேளையில் பாட்டிலோடு குடிக்கக் கொடுப்பதில்லை.

டீயோடு வந்தாள்.

“பெட்டி பழசும்மா. அப்டேட் ஒத்துக்கல,” என்றேன்.

“எல்லாமே போச்சாண்ணா?”

“மொத்தமா போவாது. கொஞ்சம் கொஞ்சமா எடுத்துத் தரேன். நாள் ஆவும்.”

அவள் அழவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியின் மேல் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

அடுத்த ஞாயிறு ஒரு வீடியோ கொண்டுபோனேன். பள்ளி ஆண்டு விழா, நாற்பது விநாடி. அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். காசு வாங்கியதில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து தலை வாரி, பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். சமைத்தாள். எனக்குப் பிடிக்கும் என்று கேப்பை அடை சுட்டாள். நர்ஸ் வேலையில் லீவு போடுவதையும் நிறுத்தினாள். அவளுக்கு உடம்பு தேறியதை அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆனந்தராஜ் வீடியோ காலில் வருவார். கிண்டல் பிடித்த ஆள்.

“இன்னா சீனு, பெட்டியத் தொறக்கறியா, இல்ல அதுலயே குடித்தனம் வெச்சிட்டியா?”

“பழசு சார். பார்த்துத்தான் எடுக்கணும்.”

“எடுப்பா, எடு. இங்க பிரபாவுக்கு விசா ரெடி. கேட்டா, புள்ளய அந்தப் பெட்டியில வுட்டுட்டு எப்படி வர்றதுன்றா. நீயாவது எடுத்துச் சொல்லு. தனியா இருந்துகினு செத்துடுவேன் போலக்குது.”

கடைசி வரியைச் சொல்லும்போது அவர் சிரித்தார். அன்று சாப்பிட்டுக் கைகழுவும்போது அவளிடம் சொன்னேன். “அவர் கூப்பிடறாரும்மா. ஆனா நீ போயிட்டா இத யாரு கிட்ட குடுக்கறது?” நியாயமான கேள்விதான். போவதா வேண்டாமா என்று முடிவெடுத்தது அவள்.

விசா தேதி தாண்டியது. ஆனந்தராஜ் போன் செய்வது குறைந்தது. அதற்கு நான் பொறுப்பல்ல.

அந்தச் சமயத்தில்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரம் ஒன்று என்றால் ஆறரை வருடம் வரும். ஆனால் வாரம் ஒன்று போதாமல் அவள் கெஞ்ச ஆரம்பித்திருந்தாள். இரண்டு, மூன்று என்று கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் வீடியோவிலிருந்து சத்தத்தைத் தனியாகப் பிரித்தேன். அது கஷ்டமான வேலை இல்லை. படம் இந்த ஞாயிறு, சத்தம் அடுத்த ஞாயிறு. சத்தம் டிஸ்கில் வேறு இடத்தில் சிதறிக் கிடக்கிறது, அடுத்த வாரம் எடுத்துவிடலாம் என்று சொன்னேன். நம்பினாள்.

சத்தமில்லாத வீடியோவை அவள் பார்க்கும் விதம் வேறு. போனை முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டு, பையனின் உதடு அசைவதைப் போலத் தன் உதட்டை அசைப்பாள். வாரம் முழுக்க அப்படி. ஒருமுறை அவன் ‘அம்மா’ என்று நான்கு தடவை சொல்கிறான் என்று கண்டுபிடித்துச் சொன்னாள். சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தாள்.

போன ஞாயிறு கொண்டுபோன படத்தில் பையன் முறம் வைத்து வேர்க்கடலை உரிக்கிறான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனை நீட்டினாள்.

“இங்க இன்னாண்ணா சொல்றான்? அப்பான்னு வருது. அப்பறம் புரியல.”

வாயில் சோறு இருந்தது. யோசிக்காமல் சொல்லிவிட்டேன். “சொத்த மல்லாட்டயெல்லாம் அப்பாவுக்கு பார்சல் பண்ணிடலாம்மான்றான்.”

அவள் சிரித்தாள். வாய்விட்டு. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு சிரிப்பு நின்றது. இன்னொரு முறை ஓடவிட்டாள். உதடு சரியாகப் பொருந்தியது.

“சத்தம் இன்னும் வரலன்னீங்களேண்ணா.”

நான் சோற்றைப் பிசைந்தேன். அவள் என் தட்டைப் பார்த்தாள்.

“துன்னுட்டுப் போங்க,” என்றாள்.

கோபம் இருந்தால் சாப்பிடச் சொல்வாளா? மறுநாள் காலை உங்கள் போலீஸ்காரர்கள் கடைக்கு வந்தபோதுகூட, அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் பயந்தேன்.

நகல் எடுத்தது, பெட்டியை வெறுமையாக்கியது, சத்தத்தைப் பிரித்தது எல்லாம் நான் செய்தவை. தெரிந்தே செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் எடுத்துவந்த டிஸ்கில் எல்லாம் தேதிவாரியாக இருக்கிறது. கடைசி வீடியோ அவன் இறந்த அன்று காலை எடுத்தது. அதை மட்டும் நான் பார்க்கவில்லை. அவளோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்று வைத்திருந்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மேடம். டிஸ்கை அவளிடம் மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். தாங்க மாட்டாள். வாரத்துக்கு ஒன்றாகக் கொடுங்கள். உங்களுக்கு நேரம் இருக்காது என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சும்மாதான் இருக்கிறேன்.