நகுலின் பெடலில் இரைச்சல்

லூப் பெடலில் சத்தம் குறைகிறது என்று யாராவது வந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். பாதி வியாதி அதிலேயே தீர்ந்துவிடும். நகுலுக்கும் நான் அதைத்தான் முதலில் செய்தேன்.

அவன் மும்பை மாட்டுங்கா பையன். பாட்டு, கிட்டார் இரண்டும் வரும். நான் தாராவியில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்கிறவன். அவன் மேடைகளில் டோலக்கும் வாசித்தேன். வாசிப்பதைப் பதிந்துகொள்ளும் அந்தப் பெடலை வாங்கியதும் வீட்டுக்குக் கூப்பிட்டான். அவன் அம்மா பாகீரதி காபி கொடுத்தார். நான் வாசிக்க, அவன் அதில் பதிந்துகொண்டான். அதன் மேலேயே ஒரு வரி பாடிச் சேர்த்தான். காலால் ஒரு மிதி மிதித்தால் போதும், என் வாசிப்பு திரும்பத் திரும்ப வரும்.

"இனிமே டிரெய்ன்ல டோலக்கைத் தூக்கிண்டு நீங்க அலைய வேண்டாம், நெல்லையப்பண்ணா."

அன்பாகத்தான் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது. அதன்பின் மேடைக்கெல்லாம் என் டோலக் போனது, நான் போகவில்லை. கோளாறு வந்தால் மட்டும் என் ஞாபகம் வரும்.

செம்பூர் கணபதி பந்தலுக்கும் அப்படித்தான் கூப்பிட்டான். கிட்டார் வாசித்தால் லூப் அமுங்கிப்போகிறது, கூடவே ஒரே இரைச்சல் என்றான். லூப்பின் வால்யூமைக் கூட்டினேன். டோலக் மேலே வந்தது. பெடலுக்குத் தனி அடாப்டர் போட்டேன். இரைச்சல் பாதி அடங்கியது. மீதி, எர்த் வழியாக வந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கட்டடத்திலிருந்து நான் வேறு லைன் இழுத்திருக்கலாம், அதுதான் முறை.

அவசரத்துக்கு எங்கள் தொழிலில் ஒரு குறுக்கு வழி உண்டு. பிளக்கைத் திறந்து எர்த் வயரைக் கழற்றிவிடுவது. பந்தலுக்குப் பந்தல் நடக்கிற காரியம். கழற்றினேன். இரைச்சல் நின்றது. பிறகு ஆம்பின் உடம்பில் டெஸ்டரை வைத்தேன். நன்றாகவே எரிந்தது. உள்ளே கரண்ட் கசிகிறது. அதுவரை எர்த் காப்பாற்றிக்கொண்டிருந்தது. இனி அது பெடலுக்கும் கிட்டார் கம்பிக்கும் வரும். அதைச் சரிசெய்ய எனக்குத் தெரியும். டெஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சாமி இருக்கிற மேடையில் நகுல் செருப்போடு ஏறமாட்டான். நல்ல வளர்ப்பு. மேடை இரும்புத் தகடு, மழையில் நனைந்திருந்தது.

"இரைச்சல் சுத்தமா நின்னுடுத்தே. என்னண்ணா பண்ணேள்?"

"பிளக்குல சின்ன வேலதான் தம்பி. நீ போய்ப் பாடு."

கிட்டார் கம்பியில் கையை வைத்தபடி வெறுங்காலால் பெடலை மிதித்தான். விழுந்தான். யாரோ மெயினை அணைக்கும்வரை டோலக் ஒலித்தது. மழைமேல் பழி போட்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்தபின் பாகீரதி அம்மாள் அந்தப் பெடலைத் தேங்காய்ப்பூத் துவாலையில் சுற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார்.

"இதுல அவன் பாடினது இருக்கு. நேக்கு அது போறும். அந்த டோலக் சத்தத்தை மட்டும் எடுத்துக் குடுங்கோ. குரலை அமுக்கறது."

இரண்டும் ஒன்றாகக் கலந்தவை, பிரிக்க முடியாது. அப்படியே வைத்துக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். பெடலை அழுத்திப் பிடித்தால் பதிந்ததெல்லாம் அழியும். அழுத்திப் பிடித்தேன்.

"உள்ள தண்ணி ஏறியிருக்கு, கரண்ட் குடுத்ததும் எல்லாம் அழிஞ்சு போச்சும்மா."

அவர் அழவில்லை. துவாலையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

நகுலைக் கொன்றது நான்தான். உங்களிடம் அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த அம்மாள் என் வாசிப்பைக் குறை சொல்லாமல் இருந்திருந்தால் மகன் குரலாவது மிஞ்சியிருக்கும். அது அவர் செய்த தப்பு.