காய்ந்த பாய்

ஓர் இல்லத்தை மதிப்பிடப் போகும் நாளில் நான் காலையில் காபி குடிப்பதில்லை. காபி வாசனை மூக்கில் தங்கிவிடும். சின்ன நாற்றங்கள் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். இன்று அந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதால் நீங்கள் வரவழைத்ததைக் குடித்துவிட்டேன், மேடம். நன்றாக இருந்தது.

என் வேலையை முதலில் விளக்கிவிடுகிறேன். அது புரிந்தால்தான் மற்றது புரியும். தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள முடியாத ஆட்கள் இருக்கிறார்கள். மனநலம் பாதித்தவர்கள், கை கால் விழுந்தவர்கள், வீட்டார் கைவிட்டவர்கள். இவர்களுக்காக அரசுப் பணத்தில் இல்லங்கள் நடக்கின்றன. அங்கே அடிக்கிறார்களா, கவனிக்காமல் போட்டுவிடுகிறார்களா என்று போய்ப் பார்த்து மதிப்பெண் போடுவது என் வேலை.

இதில் எது வேலை செய்யும், எது செய்யாது என்று எனக்குத் தெரியும். கேள்வி கேட்பது வேலை செய்யாது. "உன்னை யாராவது அடிக்கிறாங்களா?" என்று கேட்டால், பக்கத்தில் நிற்கும் பணியாளரைப் பார்த்துக்கொண்டே "நல்லா பாத்துக்கிறாங்க சார்" என்பார்கள். சாப்பாட்டைப் பார்ப்பதும் வேலை செய்யாது. நாங்கள் போகும் நாளில் எல்லா இல்லத்துச் சாம்பாரிலும் முருங்கைக்காய் மிதக்கும்.

நாற்றம் மட்டும் பொய் சொல்லாது. மூத்திரம் வெளியே வந்தவுடன் அவ்வளவு நாறாது. பாயில் ஊறி, கிருமிகள் அதைத் தின்று கார நெடியாக மாற்றிய பிறகுதான் கண்ணை எரிக்கும். அப்படியென்றால், ஓர் அறைக்குள் நுழைந்ததும் கண் எரிந்தால், அங்கே ஒருவர் தன் ஈரத்திலேயே வெகுநேரம் கிடந்திருக்கிறார், யாரும் வரவில்லை என்று பொருள். ஃபினாயில் ஊற்றினால் அது மேலே மிதக்கும். கீழே இது அப்படியே இருக்கும். எவ்வளவு அழகான அளவுகோல் பாருங்கள். சென்னையில் இருக்கும் எங்கள் மேலதிகாரிகளுக்கு இதை விளக்கினேன். ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு காய்ந்த பாய்க்குத்தான் அதிக மதிப்பெண்.

நீங்கள் கேட்கும் இல்லம் அரக்கோணம் சாலையில் ஒரு பழைய அரிசி மில் கிடங்கில் இருந்தது. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் முருகன் கோயில் மலையடிவாரத்தில் விடப்பட்டவர்கள். சொந்தக்காரர்களே கூட்டிவந்து, முருகனுக்கு மொட்டை போட்டு, தலையில் சந்தனம் தடவி, நிழலில் உட்காரவைத்துவிட்டுத் திருப்பதி பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். முடி போன பிறகு பழைய போட்டோவை வைத்து அடையாளம் காண்பது கடினம். அதுவும் ஒரு முறைதான், யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

துர்கா அப்படி வந்தவள். முப்பத்தைந்து வயதிருக்கும், புத்தி ஐந்தாறு வயதோடு நின்றுவிட்டது. அக்கா புருஷன் விட்டுவிட்டுப் போனதை அவள் நம்பவேயில்லை. "பாவா பஸ்ல எடம் புடிக்கப் போயிருக்காரு" என்பாள். தோளில் பையோடு போன என்னைக் கண்டக்டர் என்று நினைத்துவிட்டாள். "கண்டக்டரே, வண்டிய எப்போ எடுப்ப? நீ இன்னா டீ குடிச்சிகினே கீற?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

முதல் முறை போனபோது வாசலிலேயே குமட்டியது. உள்ளே போனால் சிமெண்ட் தரை வழுவழுவென்று இருந்தது. செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. ஒருவர் ஈரக் கையால் என் கையைப் பிடித்தார். அந்த ஈரம் என் விரல்களில் அன்று முழுவதும் இருந்ததாகத் தோன்றியது. மதியம் வீட்டில் ரசத்தைக் கையால் பிசைய முடியவில்லை. கரண்டியால் சாப்பிட்டேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அருவருப்பு ஒரு கருவி. நான் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவன்.

மிகக் குறைந்த மதிப்பெண் போட்டேன். இல்லத்தை நடத்திய கோதண்டபாணி என் பின்னாலேயே வாசல்வரை வந்தார்.

"பரணி சார், ஆளு ரெண்டே பேரு. முப்பது பேரு படுத்துகினு கீறாங்க. எத்தினி தபா பாய மாத்துவாங்க? இழுத்து மூடிட்டா இதுங்க திரும்பவும் ரோட்டுக்குத்தான் போவும். இன்னா பண்றது, நீங்களே சொல்லுங்க."

நியாயமான கேள்வி. மதிப்பெண் போடுபவன் வழியும் காட்ட வேண்டும் என்பது என் கொள்கை. தாழ்வாரத்தில் உட்கார்ந்து அவருக்கு விளக்கினேன். பாயை மாற்றுவது பிரச்சினையின் கடைசி முனை. முதல் முனை எங்கே? உள்ளே போவதுதான் வெளியே வருகிறது. உள்ளே போவதை ஒழுங்குபடுத்தினால் வெளியே வருவது தானாக ஒழுங்காகும். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம் என்றேன். பிறகு மதியத்துக்கு மேல் வேண்டாம் என்றேன். பிறகு சோற்றோடு ஒரு டம்ளர் போதும் என்றேன்.

அடுத்த முறை போனபோது கண் எரியவில்லை. பாய்களைக் கையால் தடவிப் பார்த்தேன், எல்லாம் காய்ந்திருந்தன. நல்ல மதிப்பெண் போட்டேன். உதடுகள் வெடித்திருந்ததைக் கவனித்தேன். பேசும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்டது. ஆனால் எங்கள் மதிப்பீட்டில் உதட்டுக்கு இடமில்லை.

அங்கே பிரேமா என்று ஒரு பணியாளர். நல்ல பெண், பாசமானவள். அவள்தான் என்னிடம் வந்து சொன்னாள்.

"சார், குளிக்க ஊத்துற தண்ணிய வாயத் தொறந்து குடிக்குதுங்க சார்."

"அப்படியென்றால் ஊற்ற வேண்டாம். ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்."

அடுத்த முறை, துணியைப் பிடுங்கிச் சப்புகிறார்கள் என்றாள். துடைக்கும் தண்ணீரில் கொஞ்சம் ஃபினாயில் கலக்கச் சொன்னேன். பிரேமா விடவில்லை.

"மாட்டுக்குக்கூட தொட்டி ரொப்பி வெப்பாங்க சார். நீங்க ஒரு நாளு இங்க இருந்து பாருங்களேன்."

உணர்ச்சிவசப்படுபவர்களுக்கு ஒரு முறையின் முழு உருவம் தெரியாது. நான் கோபப்படவில்லை.

சித்திரை வெயிலில் சென்னையிலிருந்து குழு வருவதாகத் தகவல் வந்தது. இந்த இல்லத்தை மற்ற இல்லங்களுக்கு மாதிரியாக அறிவிப்பதாகப் பேச்சு. நான் முன்கூட்டியே போய்ப் பார்த்தேன். துர்காவின் பாய் மட்டும் ஈரமாக இருந்தது. காரணம் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. பிரேமா தன் வாட்டர் பாட்டிலை முந்தானையில் மறைத்து அவளுக்குக் கொடுத்துவந்தாள். கேட்டதும் மறைக்கவில்லை.

"ஆங், குடுத்தேன். நாளைக்கும் குடுப்பேன்" என்றாள்.

அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தச் சொன்னேன். கோதண்டபாணி தயங்கினார். மதிப்பெண்ணை நினைவுபடுத்தினேன்.

பிரேமா போன பிறகு துர்கா கக்கூஸ் டிரம்மில் வாய் வைத்துக் குடித்தாள். நானே பார்த்தேன். மேலே மிதந்ததை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு மறு கையால் அள்ளினாள். அந்த டிரம்மைக் கவிழ்க்கச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டிக் குழாயின் திருகுப் பிடியைக் கழற்றி என் பையில் வைத்துக்கொண்டேன். அதைத்தான் நீங்கள் என் பையிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். ஆமாம், அது அந்தக் குழாயினுடையதுதான். சமையலுக்கு வேண்டிய தண்ணீர் வெளியிலிருந்து குடத்தில் வரும், சமையலறையைப் பூட்டி வைப்பார்கள். அந்த ஏற்பாடும் நான் சொன்னதுதான்.

குழு வந்த காலையில் துர்கா எழுந்திருக்கவில்லை. கண் உள்ளே போயிருந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டேன், கிள்ளியபடியே நின்றது. உடம்பில் நீர் வற்றினால் தோல் திரும்பப் படியாது. எனக்கு அது தெரியும், படித்திருக்கிறேன். வாயிலிருந்து அழுகிய பழம் போல ஒரு வாடை வந்தது. அதற்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை.

"சார், ஆட்டோ கூப்புடட்டா? ஒரு பாட்டில் ஏத்துனா தெளிஞ்சிடுவா சார்" என்றார் கோதண்டபாணி.

அவர் சொன்னது சரிதான். அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் வாசலில் கார்கள் வந்துகொண்டிருந்தன. அவ்வளவு வறண்டவளுக்கு வாயில் தண்ணீர் கொடுத்தால் கக்கிவிடுவாள். ஆட்டோவில் தூக்கிப்போனால் ஏன் என்று கேட்பார்கள். தூங்குகிறாள் என்று சொல்லுங்கள், அவர்கள் போகட்டும் என்றேன். துர்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "கண்டக்டரே, தண்ணி" என்றாள். அவள் அதுவரை என்னிடம் தண்ணீர் கேட்டதேயில்லை. நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

குழுவில் வந்த அம்மையார் அறைக்குள் நுழைந்ததும் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். "வாசனையே இல்லையே, எப்படிச் சாதித்தீர்கள்?" என்று கேட்டார். நான் விளக்கினேன். முழுவதும் அல்ல, தேவையான அளவு. பிறகு வெளியே புளியமரத்தடியில் எங்களுக்கு இளநீர் வெட்டினார்கள். அரிவாள் இறங்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் தாழ்வான ஜன்னல் வழியே தெரிந்த துர்காவின் தலை எங்கள் பக்கம் கொஞ்சம் திரும்பியது. நான் அதைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். கடைசிக் காய் வெட்டும்போது தலை திரும்பவில்லை.

அவளை நான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த ஆட்டோவை நிறுத்தியவன் நான்தான், கோதண்டபாணியை விட்டுவிடுங்கள். ஆனால் கவனிக்காமல் விட்டதாக ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள், அதை மட்டும் அடித்துவிட வேண்டும். இந்த வேலையில் கவனிப்பாரற்றுச் செத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், மேடம். எல்லோரும் ஈரத்தில்தான் கிடந்தார்கள். துர்காவைத் தூக்கிய பிறகு நான் குனிந்து அவள் பாயைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. யாரும் கவனிக்காத ஒருத்தி அவ்வளவு சுத்தமாகச் சாக முடியாது.