எப்ப வேணா வரலாம்

ஆப்பிள்! இருங்க, இருங்க, நானே சொல்றேன்… அந்தப் பையில இருக்கறது ஆப்பிள்தானே? தெரியும் தோழர். பை தொங்கற தொங்கல்லயே தெரியும். கொஞ்ச நாளா இந்த பெஞ்சுல உக்காந்து பை பாக்கறதுதான் எனக்கு உத்தியோகம். உக்காருங்க. உள்ள காலு வைக்க எடமில்ல, கொஞ்சம் கலையட்டும், அப்புறம் போலாம். உக்காருங்கன்னா! தோழர்னு கூப்பிட்டதுக்குச் சங்கடப்படாதீங்க, பழக்கதோஷம். ஒரு தடவ போலீஸ்காரன அப்படிக் கூப்பிட்டுட்டேன், அதுக்குன்னு தனியா ஒரு அடி போட்டான்.

என்ன சொல்லிட்டிருந்தேன்… ஆங், ஆப்பிள். நோயாளின்னா ஆப்பிள்னு எவன் தோழர் கண்டுபிடிச்சான்? அதோ, கதவோரக் கட்டில், பச்சைப் போர்வை… தெரியுதா? தெரியாது, சுத்தி ஆளுங்க நிக்கறாங்க. அது என் பொஞ்சாதி. வயித்துல ஒரு வாய் தண்ணி தங்கல அவளுக்கு. கையில ஊசி குத்தி அது வழியாத்தான் ஆகாரம். அவளுக்கு ஆப்பிள் கொண்டாராங்க! யாரு தின்னுறது? நான்தான். தின்னு தின்னு எனக்குச் சர்க்கரை ஏறிப்போச்சு. இப்படியே போனா அடுத்த கட்டில் எனக்குத்தான்… நீங்க யாரப் பாக்க வந்… சரி, அது கெடக்கட்டும், முதல்ல இதக் கேளுங்க.

வர்றவன் சும்மாவா வர்றான்? இவளோட பெரியம்மா மகன், பெரிய ஆபீஸ்ல கணக்குப் பாத்தவரு, வந்து நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாரு. "எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இதேதாம்மா… இதே எடம், இதே வலி… நல்லா சிரிச்சுப் பேசிட்டுத்தான் இருந்தாரு, பொசுக்குனு போயிட்டாரு" அப்படீங்கறாரு. ஆறுதலாம்! இவ என்ன கேட்டா தெரியுமா? "அவரு எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுத்தாருண்ணே? நான் மாத்திப் படுத்துக்கறேன்." மனுஷன் யோசிக்கறாரு தோழர்! நெஜமாவே யோசிச்சுட்டு, "தெரியலியேம்மா, கேட்டுச் சொல்றேன்"னுட்டுப் போனாரு.

அப்புறம் எதிர்வீட்டம்மா. வாசல்லயே ஆரம்பிச்சுட்டாங்க அழுகைய. நோயாளி எழுந்து உக்காந்து, பக்கத்துல இருந்த தண்ணிய எடுத்து நீட்டி, முதுகத் தடவிக் குடுத்து, "ஒண்ணும் ஆகாதுக்கா, தைரியமா இருங்க"ன்னு தேத்தி அனுப்பினா. அந்தம்மா போறப்ப என்கிட்ட, "இப்பதாண்ணே மனசு லேசாச்சு"ங்கறாங்க. ஏன் ஆகாது? பாரத்த எறக்கி வெச்சுட்டுப் போனா லேசாத்தான் ஆகும்!

என் தங்கச்சி ஒருத்தி இருக்கா. என் கூடப் பொறந்தவதான், சொல்லிக்க வெக்கமா இருக்கு. நாடி பாக்கற மாதிரி இவ கையப் பிடிச்சுக்கிட்டு, மெதுவா, "அந்தத் தையல் மெஷின் யாருக்கு அண்ணி?"ன்னு கேட்டா. இவ போர்வைக்குள்ள ரெண்டு காலையும் ஆட்டிக் காட்டினா. "இன்னும் மிதிக்குது, கொஞ்சம் பொறு."

சிரிக்கறீங்க. சிரிங்க. நானும் சிரிச்சேன். அவ சிரிக்க வைப்பா… அதுதானே வம்பே.

ஆனா இதெல்லாம் ஒண்ணுமில்ல, அந்த முன்னாள் தலைவரு வந்தாரே! எங்க கூட மில்லுத் தொழிலாளர் சங்கத்துல இருந்தவருதான். நான் நோட்டீஸ் எழுத, அவரு மேடையில படிக்க… அப்படி வளந்தவரு. இப்பக் கான்ட்ராக்டரு. எந்தக் கம்பெனி வாசல்ல நின்னு ஒழிகன்னு கத்தினாரோ, அதே கம்பெனிக்கு இப்ப ஆள் பிடிச்சுக் குடுக்கறாரு. வந்தாரு போட்டோக்காரனோட. நேரா போயி பக்கத்துக் கட்டில்ல நின்னாரு. அங்க ஒரு பாட்டியம்மா, கண் ஆபரேஷன் பண்ணிட்டுத் தூங்கிட்டிருக்கு. அது கையப் பிடிச்சுக்கிட்டு, "போராட்டக் களத்தில் பூத்த தோழியர் இவர்… என்றும் நம் நெஞ்சில் வாழ்வார்"ன்னு ஆரம்பிச்சுட்டாரு! கண்ணக் கட்டியிருந்த அந்தம்மா முழிச்சுக்கிட்டு, "யாரு செத்தது? யாரு செத்தது?"ன்னு கத்துது. வார்டே ஓடி வருது. இவ என்ன பண்ணினா? படுத்தபடியே கை தட்டறா தோழர்! "நல்ல பேச்சு. என் முறை வர்றப்ப இதையே பேசச் சொல்லு, புதுசா எழுதிக் கஷ்டப்பட வேணாம்"கறா.

எந்திரிக்காதீங்க, இன்னும் கும்பல் கொறையல. விஷயத்துக்கு வரேன்.

டாக்டரு என்னைய வராண்டாவுக்குக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. மாசக்கணக்கெல்லாம் பேசாதீங்கன்னுட்டாரு. அவளுக்கும் தெரியும். நான் சொல்லல. என் மூஞ்சி பெரிய எழுத்துல அச்சடிச்ச நோட்டீஸ் மாதிரி, அவ படிச்சுட்டா. அன்னிக்கே என்னையக் கிட்ட உக்காரச் சொன்னா. "இந்தா பாரு, நான் போனப்புறம் நீ…"ன்னு ஆரம்பிச்சா. வந்துட்டாரு பெரியம்மா மகன், ஆப்பிளோட. மறுநா, "நான் போனப்புறம் நீ…" எதிர்வீட்டம்மா. அதுக்கப்புறம் தங்கச்சி. அப்புறம் அந்தக் கான்ட்ராக்டரு. எத்தன தடவ! அந்த "நீ"க்கு அப்புறம் என்னன்னு எனக்குத் தெரியவே இல்ல தோழர். நீ என்ன? நீ அழாதேவா? நீ ஒழிஞ்சுபோவா? நடு ராத்திரியில கேக்கலாம்னா மருந்து போட்டுத் தூங்க வெச்சுடறாங்க. பகல்ல ஊரே இங்கதான். எனக்கு ஒரு மணி நேரம் வேணும். ஒரே ஒரு மணி நேரம், என் பொஞ்சாதியோட, நாலு பேரு இல்லாம! இதுக்கு எங்க தோழர் மனு குடுக்கறது?

குடுத்தேனே! பெரிய சிஸ்டர் கிட்டப் போயி, "பாக்க வர்றவங்களுக்கு ஒரு நேரம் காலம் வைக்கக்கூடாதாம்மா?"ன்னு கேட்டேன். அது என்னைய ஏற எறங்கப் பாத்துச்சு. செவத்தக் காட்டுச்சு. பாருங்க, நீங்களே பாருங்க, அந்தப் பலகைய. "நோயாளிகளைப் பார்க்க எப்ப வேணா வரலாம்." பலகையில யாராவது "எப்ப வேணா"ன்னு எழுதுவாங்களா? "எந்நேரமும்"னுதான் எழுத வந்தாங்க. நான்தான் சண்ட போட்டு மாத்த வெச்சேன், ஜனங்களுக்குப் புரியற மாதிரி எழுதுடான்னு.

ஆமா. நான்தான். என்ன அப்படிப் பாக்கறீங்க?

முன்னால இங்க சாயங்காலம் ஒரு மணி நேரம்தான். மணி அடிச்சா எல்லாரும் வெளிய போயிடணும். எங்க மில்லுல ஷிப்டு முடியறதும் இங்க மணி அடிக்கறதும் ஒண்ணா இருக்கும். ஒருத்தன், நூல் பிரிவுல வேலை, மெஷின நிறுத்திட்டு ஓடியாந்தான். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவன் அம்மா. இந்தப் பக்கம் அவன். மணி அடிச்சாச்சு, நாளைக்கு வாங்கறான் காவக்காரன். அந்தம்மாவுக்கு நாளைன்னு ஒண்ணு இல்ல தோழர். அன்னிக்கு ராத்திரியே நான் நோட்டீஸ் எழுதினேன். ஆனா கேட்டுக்கு முன்னால மொதல்ல போய் உக்காந்தது யாருன்னு நெனக்கறீங்க? அதோ, பச்சைப் போர்வை. எழுப்பிப் பாத்தாங்க, தூக்கிப் பாத்தாங்க, அசையல. கேட்டு தொறந்துச்சு. தப்புன்னு நான் இன்னைக்கும் சொல்லமாட்டேன். எவன் கேட்டாலும் சொல்லமாட்டேன்! ஆனா தொறந்துவிட்ட கதவு வழியா என் தங்கச்சியும் வருவான்னு அப்பத் தோணல.

என் பொஞ்சாதி கிட்டயே சொல்லிப் பாத்தேன், வர்றவங்கள நாளைக்கு வரச் சொல்லட்டுமான்னு. "நாம தொறந்த கதவு. நீ எவனயும் நாளைக்கு வான்னு சொல்லாத"ன்னுட்டா. அதுக்கு மேல நான் பேச முடியுமா?

அதான்… கொஞ்சம் கிட்ட வாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஜெயிச்ச அன்னிக்கு அந்த மணிய நாங்க தூக்கிட்டு வந்துட்டோம். பித்தளைக் கைமணி. வெற்றிச் சின்னம்னு சங்கத்துல வைக்கலாம்னு நான் சொன்னேன், அவ அடுப்படியில வெச்சுக்கிட்டா. நான் நோட்டீஸ் எழுத உக்காந்தா சோறு தண்ணி ஞாபகம் வராதே, கூப்பிட்டாக் காதுல விழாதே. அந்த மணிய எடுத்து ஆட்டுவா. அத்தன வருஷமும் அந்தச் சத்தத்துக்குத்தான் நான் சாப்பிட்டேன். இன்னைக்குக் காலையில வீட்டுக்குப் போயி… இருங்க, பையோட அடியில கெடக்குது, துண்டு சுத்தி வெச்சிருக்கேன்… காட்டறேன்… இதோ. பாத்தீங்களா எப்படிப் பளபளன்னு…

தோழர்? எங்க போயிட்டாரு இந்த மனுஷன்? பேசிட்டிருக்கறப்பவே… போகட்டும். எல்லாரும் இப்படித்தான், கூட்டம் முடியறதுக்குள்ள எந்திரிச்சுப் போயிடுவாங்க.

சரி. அடிக்கறேன்.

…அட! அட அட அட! எந்திரிக்கறாங்க பாரு! ஏன்னு ஒருத்தன் கேக்கல! யாரு அடிச்சான்னு ஒருத்தன் திரும்பிப் பாக்கல! பையத் தூக்கிட்டு வரிசையா வர்றாங்க. வாழ்நாள் பூரா கேள்வி கேளு, கேள்வி கேளுன்னு எழுதினேனே, ஒரு மணி ஆட்டினதுக்கு… போங்க, போங்க, வெளிய போங்க… அட தோழர்! நீங்க எங்கேருந்து வரீங்க உள்ளேருந்து? என் பொஞ்சாதியப் பாக்கவா வந்தீங்க? இவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்களே, வாயத் தொறந்து சொல்லக்கூடாதா?… நான் எங்க விட்டேனா? சரி, சரி. நாளைக்கு… இல்ல, எப்ப வேணா வாங்க. ஆப்பிள் வேணாம்.

என்னம்மா சிஸ்டர்? நானும் வெளிய போணுமா? மணி அடிச்சாச்சா? எந்த மணி? எவன் அடிச்சான்? அதெல்லாம் செல்லாதும்மா! அந்தச் சட்டத்த ஒழிச்சு எத்தன வருஷமாச்சு! பலகையப் படி! எப்ப வேணா வரலாம், எழுதி வாங்கினதே நான்தான்! நகரு, வழிய விடு.

…ஆமாடி, நான்தான் அடிச்சேன். …என்னது? மணி அடிச்சது நீ, சமைச்சது யாருன்னா கேக்கற? சிரிக்காத, இருமல் வரும். …யாரும் இல்ல. எல்லாரும் போயிட்டாங்க. தள்ளிக்க கொஞ்சம், உக்காந்துக்கறேன்.

"நான் போனப்புறம் நீ…" அங்கதானே விட்ட? ம்… மேல சொல்லு.