ஆயாக்கொட்டகைப் பாலின் தரம்

காம்பாரிலிருந்து ஈப்போ வரும் பஸ்ஸில் இன்றைக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது, ஐயா. அதனால் விசாரணைக்கு உட்காரக் களைப்பு ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், நான் எதையும் மறைக்கப் போவதில்லை. எழுதிக்கொள்கிறவரை மட்டும் கொஞ்சம் நிதானமாக எழுதச் சொல்லுங்கள். அடித்துத் திருத்திய காகிதத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

என் பெயர் சிவசுப்பிரமணியன். பதினாறு வருடமாக ரப்பர் தோட்டத்தில் ஸ்டோர் கிராணி, அதாவது குமாஸ்தா. மரம் வெட்டுகிறவர்கள் பட்டையைக் கீறி வடித்து வாளியில் கொண்டுவரும் ரப்பர்ப்பாலைச் சோதிப்பது என் வேலை. அதற்கென்று ஒரு கண்ணாடி மிதவை இருக்கிறது. ஒரு பங்கு ரப்பர்ப்பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மிதவையை விட வேண்டும். ரப்பர் நிறைய இருந்தால் ஆழமாக இறங்கிப் பெரிய எண்ணைக் காட்டும். எவனாவது திருட்டுத்தனமாகத் தண்ணீர் சேர்த்திருந்தால் மேலேயே நின்று காட்டிக்கொடுத்துவிடும். இத்தனை வருடத்தில் என்னை ஏமாற்றியவன் ஒருவனும் இல்லை.

1979 பிப்ரவரியில் கம்பெனியின் ஈப்போ அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறார்களே, அந்த ஆயாக்கொட்டகையில் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கும் மாவுப்பாலின் சத்து அளவுகளை மறுஆய்வு செய்து, தரம் நிர்ணயித்து அனுப்ப வேண்டும். புரதம், கொழுப்பு, இரும்பு என்று ஒரு பட்டியலும் இருந்தது. அதையெல்லாம் அளக்கத் தோட்டத்தில் என்ன இருக்கிறது? தோட்ட மானேஜர் துரை யோசித்தார். "கிராணி, அளக்கிற சாமான் உங்ககிட்டதான் இருக்கு. நீங்களே பாத்து முடிச்சிடுங்கலா" என்றார்.

நான் முறைப்படிதான் செய்தேன். ஆயா இருளாயி டின்னில் போட்டிருந்தபடி கலந்த பாலில் மிதவையை விட்டேன். தக்கை மாதிரி மேலேயே நின்றது, எண்ணே தெரியவில்லை. ஒரு பங்கு தண்ணீர் ஊற்றினேன், கொஞ்சம் இறங்கியது. வழக்கமான இரண்டு பங்கை ஊற்றியதும் நல்ல எண் காட்டியது. டின்காரன் சொல்லும் அளவில் பாலில் சத்தே இல்லை, தண்ணீர் சேரச் சேரத்தான் சத்து வெளிப்படுகிறது என்று பன்னிரண்டு பக்கத்துக்கு அறிக்கை எழுதினேன். கலந்த பால் ஒரு பங்குக்குத் தண்ணீர் இரண்டு பங்கு. அதுதான் புதிய தரம்.

இருளாயி போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "ஐயா, இது அரிசி களைஞ்ச தண்ணி மாதிரில இருக்கு. பிள்ளைங்க அரை மணிக்கு ஒருக்கா அழுவுதுங்க" என்றாள். அழுகை பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததை நான் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஈப்போவிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. இன்னும் ஐந்து தோட்டங்கள் என் அளவையே பின்பற்ற வேண்டும், நான் டிசம்பர் வரை ஆய்வைத் தொடர வேண்டும் என்று உத்தரவு. அந்த ஐந்தில் பாகான் டத்தோவில் இருப்பது தென்னந்தோட்டம், அங்கே மிதவை ஏது? நானே ஒன்றைப் பஞ்சில் சுற்றி அனுப்பிவைத்தேன்.

பிறகு எடை குறைந்தது. பதினான்கு பிள்ளைகள், பதினான்கு பேருக்கும். எந்த வயதுக்கு எவ்வளவு எடை என்று சொல்லும் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். யாரோ வெள்ளைக்காரப் பிள்ளைகளை நிறுத்துப் போட்டது. அது நமக்கு எப்படிப் பொருந்தும்? நம் கொட்டகைப் பிள்ளைகளை நிறுத்து, அந்தச் சராசரியையே சரியான எடை என்று புதுப் பட்டியல் போட்டேன். அன்றிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் ஏறக்குறைய சரியான எடையில் இருந்தார்கள். நவமணி ஒருத்திதான் ஒத்துவரவில்லை.

அவள் மரம் வெட்டும் ராக்காயியின் மகள். எட்டு மாதம். ராக்காயிக்குப் பால் வற்றிவிட்டதால் பிள்ளை முழுக்கக் கொட்டகைப் பாலை நம்பியிருந்தது. ஒருநாள் ராக்காயி காலி வாளியோடு ஸ்டோர் வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, பிள்ளையத் தூக்கினா கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குண்ணே. நானே மாவு வாங்கிக் கெட்டியாக் கலக்கிக் கொண்டாரேன். இருளாயி அக்காவ ஊட்டச் சொல்லுங்க" என்றாள். இரண்டு நாள் கொண்டும் வந்தாள். வெளிப்பாலை உள்ளே விட்டால் ஆய்வுக்கு என்ன மதிப்பு? போத்தலை வாங்கி ஸ்டோர் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஆகஸ்டில் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஜெயபாலன் என்ற புது டிரெஸர் வந்தார், டாக்டர் இல்லாத இடத்தில் மருந்து கொடுப்பவர் அவர்தான். பிள்ளைகளைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்து மிதவையைக் கேட்டார். அதை வெறும் தண்ணீர் வாளியில் விட்டார். எந்தப் போத்தலிலும் நான் பார்க்காத எண்ணுக்கு இறங்கியது.

"பாத்தீங்களா கிராணி? ரப்பர்ப்பால் தண்ணிய விட லேசு. பிள்ளை குடிக்கிற பால் தண்ணிய விடக் கனம். நீங்க அளந்ததெல்லாம் தலைகீழ். இதுபடி பாத்தா பச்சத் தண்ணிதான் முதல் தரம். இன்னைக்கே நிறுத்துங்க, ராக்காயி பிள்ள தாங்காது."

அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. நான் முட்டாள் இல்லை. அளந்ததை எழுதியாக வேண்டும் என்பதால் 'வாளித் தண்ணீர், தரம் மிகத் திருப்தி' என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். ஆனால் ஆறு தோட்டங்களில் என் தரம் நடந்துகொண்டிருந்தது. தவறு என்று சொன்னால், நாளைக்கு மரம் வெட்டுகிற ஒவ்வொருவனும் என் மிதவையைப் பார்த்துச் சிரிப்பான். டிசம்பரில் ஆய்வு முடிகிறது, அப்போது திருத்தம் எழுதலாம் என்றேன். ஜெயபாலன் பொறுக்காமல் ஈப்போவுக்குப் புகார் எழுதினார். ஈப்போ அந்தப் புகாரை என் கருத்துக்கே அனுப்பிவைத்தது. ஏற்பதற்கில்லை என்று கருத்து எழுதினேன்.

நவமணி அக்டோபர் ஒன்பதாம் தேதி இறந்தாள். ராக்காயியின் வீட்டுக்குப் போய் அவளுடைய போத்தல்களைத் திருப்பிக் கொடுத்தேன். கழுவித்தான் கொடுத்தேன். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்த மாதம் கொட்டகையின் சராசரி எடை கொஞ்சம் கூடியது. அதையும் உள்ளபடியே எழுதினேன்.

ஆமாம் ஐயா, தெரிந்த பிறகும் நான்தான் நிறுத்தவில்லை. ஆனால் ஆகஸ்ட் வரைக்கும் எனக்கு ஒன்றும் தெரியாது. அதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிள்ளை உண்டா என்று கேட்கிறீர்கள். ஒரு பையன். அந்த பிப்ரவரியில் அவனுக்கு மூன்று மாதம். என் மனைவி சொர்ணத்துக்குப் பால் போதவில்லை, அதனால் அதே மாவுதான், அதே டின். சொர்ணத்துக்கு இங்கிலீஷ் தெரியாது, டின்னில் இருந்த அளவை நான்தான் படித்துச் சொல்வேன். நான் அறிக்கையைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்த அன்று, பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டே அவள் ஒரு கரண்டி மாவு குறைத்துப் போட்டுவிட்டாள். போத்தலைப் பிடுங்கி வாசலில் கொட்டிவிட்டு, "பிள்ளையக் கொல்லப் பாக்குறியா?" என்று கேட்டேன்.