அந்தாண்டயா, இந்தாண்டயா?

எனக்கு இடப்புறமும் உங்களுக்கு வலப்புறமுமாக ஒரே நாற்காலியில் வீற்றிருக்கும் அவைத்தலைவர் அண்ணன் ரகுநாதன் அவர்களே! அம்பத்தூரின் மாலைப் புழுக்கத்தையும் பொறுத்து, அடுத்து என் பேச்சையும் பொறுக்கப்போகும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஆர்வத்தை மூட்டிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! கணினியோடு கண்விழிக்கும் இளைஞர்களே! முதல் வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் என் தோழி புஷ்பா அவர்களே! அனுசுயாவின் அன்பு வணக்கம்.

ஒரே நாற்காலி எப்படி இடமும் வலமும் ஆனது? சிரிக்காதீர்கள், என் பேச்சே அதைப் பற்றித்தான்.

ஒரு ஃபங்ஷன் தரும் விடையைச் சேமித்து வைப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். ‘காதுகுத்தா, வளைகாப்பா?’ என்கிறார் ஓர் அம்மா. இல்லை தாயே! கேள்வியைக் கொடுத்தால் கணக்குப் போட்டு விடை தரும் நிரல்துண்டுக்கும் அதே பெயர்தான். ஆனாலும் உங்கள் ஃபங்ஷனுக்கே வருகிறேன். பந்தியில் இலைக்கு இலை தனித்தனியாகச் சாம்பார் கொதிக்க வைப்பீர்களா? ஒருமுறை கொதித்ததைத்தானே எல்லா இலைக்கும் ஊற்றுகிறீர்கள்? அதற்குத்தான் கணினிக்காரர்கள் ‘கேஷ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பார்வையற்றோர் பேருந்தில் தனியே போய்வர, பேசும் செயலி ஒன்றை எங்கள் குழு செய்கிறது. பேசும் வாக்கியங்களை எழுதுபவள் நான். நிரல் எழுதுபவர் முத்தாபுதுப்பேட்டை பரத். செய்ததைச் சோதித்துச் சொல்பவர் பார்வையற்றவரான புஷ்பா. செயலியைப் புதிதாகக் கட்டும் ஒவ்வொரு முறையும், பில்டு ஸ்கிரிப்ட் என்னும் கட்டளைக்கோவை வரைபடத்திடம் ஒரு கேள்வி கேட்கும்: ‘இந்த நிறுத்தத்தில் இறங்கினால் மருந்துக்கடைக்குப் போகச் சாலையைக் கடக்க வேண்டுமா?’ அந்த வழியாகப் போகும் பேருந்துகள் எத்தனையோ, அத்தனைக்கும் அதே கேள்வி, அதே கணக்கு, அதே காத்திருப்பு! நாங்கள் டீ குடித்துக் குடித்தே களைத்துப்போனோம்.

பரத் யோசித்தார். “ஒருவாட்டி சொன்ன பதிலை நிறுத்தத்தோட பேரைப் போட்டு வெச்சிக்குவோம். மறுபடி கேட்டா எடுத்துக் குடுப்போம்” என்றார். வைத்தார். அடடா, ஊர்ந்த வேலை ஓடியது! நாங்கள் கைதட்டிய சத்தத்தில் பக்கத்து அலுவலகமே எட்டிப் பார்த்தது.

அந்தச் செயலியை எடுத்துக்கொண்டு புஷ்பா காட்டுப்பாக்கத்தில் இறங்கினார். போக வேண்டியது ஒரு மருந்துக்கடை. ‘சாலையைக் கடந்து எதிர்மருங்கு அடைக’ என்றது செயலி. ஆம், அந்த அழகுத் தமிழ் அடியேன் எழுதியது! நம்பினார். காலை எடுத்து வைத்தார். தண்ணீர் லாரி ஒன்று அலறிக்கொண்டு முகத்தருகே பாய்ந்து போனது. ஓர் ஆட்டோ ஓட்டுநர் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார்.

“இன்னாம்மா, அந்தாண்ட எங்க போற?”

“மருந்துக்கடைக்குண்ணா.”

“அது இந்தாண்டயே கீதும்மா! உன் முதுகுக்குப் பின்னாடி!”

அலுவலகம் திரும்பிய புஷ்பா நடந்ததைச் சொன்னார். பரத்துக்கு வியப்பு.

“போன வாரம் சரியாத்தானே சொல்லிச்சு?”

“போன வாரம் போரூர்லேர்ந்து வந்தேன் பரத். இன்னிக்குப் பூந்தமல்லிலேர்ந்து வந்தேன். நான் எங்கேர்ந்து வரேன்னு அது கேக்கவே இல்லியே!”

கேட்டீர்களா அவையோரே! நிறுத்தம் ஒன்று, பெயர் ஒன்று, கடையும் ஒன்று. ஆனால் வந்த திசை வேறானால் அந்தாண்ட இருந்தது இந்தாண்ட ஆகிவிடுகிறது. விடையைப் பத்திரமாக வைத்தோமே, கேள்வியை முழுதாக வைத்தோமா? பெயரை வைத்தோம், திசையை விட்டோம். அந்த விடுபட்ட பாதிக் கேள்வியல்லவா ஒரு பெண்ணை லாரிக்கு முன்னால் நிறுத்தியது?

பரத் பழைய விடைகளை எல்லாம் அழித்தார். நிறுத்தத்தின் பெயரோடு வண்டி வரும் திசையையும் சேர்த்து வைத்தார். வேகம் கொஞ்சம் குறைந்தது, குறையட்டுமே! ஆனால் புஷ்பா மறுபடி நம்ப வேண்டுமே? “நானும் கூட வரேன்” என்றார் பரத். “நீ கூட வந்தா எனக்கு இது எதுக்கு?” என்று கேட்டுவிட்டுத் தனியாகவே கிளம்பினார் புஷ்பா. போகிற போக்கில் எனக்கும் ஒரு குட்டு: “மருங்கு கிருங்கெல்லாம் வேணாம்மா. இந்தாண்டன்னு எழுது. கால் எடுத்து வெக்கிறப்போ அர்த்தம் தேடினு இருக்க முடியாது.”

எழுதினேன். காட்டுப்பாக்கத்தில் இறங்கியதும் எங்களுக்குப் போன் செய்து, செயலி பேசுவதைக் கேட்கச் சொன்னார். “பூந்தமல்லியிலிருந்து வந்திருக்கிறீர்கள். கடக்க வேண்டாம். கடை இந்தாண்டயே இருக்கிறது” என்றது அது. பிறகு காலடிச் சத்தம். பிறகு கடைக்காரரின் குரல்: “வாங்கம்மா, இன்னா மருந்து?” பரத் அழுதார், நானும் அழுதேன்.

ஒருவருக்குச் சொன்ன பதிலை ஊருக்கெல்லாம் எடுத்து நீட்டும் ஃபங்ஷன்கள் கணினிக்குள் மட்டுமா இருக்கின்றன? நமக்குள் எத்தனை? பதிலைச் சேமியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எதிரில் நிற்பவர் எந்தத் திசையிலிருந்து வந்தார் என்று கேட்டுவிட்டு அதை எடுத்துக் கொடுங்கள்!

இன்றும் புஷ்பா தனியாகத்தான் வந்தார். நேரே வந்து சரியான பக்கத்து வாசலில் நுழைந்தார். மைக் செட்டோடு வந்த நாங்கள்தான் மண்டபத்தைத் தேடி எதிர்ப்பக்கம் அலைந்துகொண்டிருந்தோம்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. அந்தாண்ட இருப்போர்க்கும் இந்தாண்ட இருப்போர்க்கும், எந்தாண்டயிலிருந்து வந்தோர்க்கும் என் வணக்கம்!