முதல் பரிசு வாங்கிய பேச்சு

— அவ மேடை ஏறக் கூடாதுன்னு சொல்லத்தானே பாய் வந்திருக்கீங்க? நேராவே சொல்லிடுங்க. ஷாமியானா கட்டியாச்சு, சீஃப் கெஸ்ட் திண்டிவனத்துலேருந்து கிளம்பிட்டாரு, இந்த நேரத்துல நீங்க ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து நிக்கிறதைப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சிடுச்சு.

— இல்லீங்க டீச்சர். நான் அதுக்கு வரல.

— நீங்க சவுதிலேருந்து வந்து மூணு வாரம்தான் ஆவுது. இங்க நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியாது. அதாவது, ஏழாவது படிக்கிற பொம்பளப் புள்ள ஊரு முன்னாடி நின்னு பேசறதான்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் யாராவது சொல்லியிருப்பாங்க. சொல்லட்டும். இன்னிக்கு இந்த மெட்ரிக் ஸ்கூல் பேரு விழுப்புரம் வரைக்கும் தெரியுதுன்னா அது உங்க பொண்ணு ஃபர்ஹானாவாலதான். ஸ்கூல் வேன் பின்னாடி ஒட்டியிருக்கிற போட்டோ பாத்தீங்களா?

— பாத்தேங்க.

— யோகாவுல ஷீல்டு வாங்கினோம், சயின்ஸ் எக்ஸிபிஷன்ல வாங்கினோம், கோகோவுல வாங்கினோம். எல்லாம் மூலைல தூசி புடிச்சிக் கிடக்குது. ஹெச்.எம். ரூம்ல நடு அலமாரில இருக்கிறது பூரா பேச்சுப் போட்டில ஃபர்ஹானா வாங்கினது. அடுத்த மாசம் மெட்ராஸ்ல ஸ்டேட் லெவல். இப்பப் போயி நீங்க குறுக்க நிக்கக் கூடாது பாய், சொல்லிட்டேன்.

— எனக்கு சந்தோஷம்தான் டீச்சர். அவ அம்மா மைமூன் இருந்திருந்தா அந்த வேன் பின்னாலேயே நடந்து போயிருக்கும், எம் பொண்ணு எம் பொண்ணுன்னு காட்டிகினு. மேடை ஏறட்டும், வாணாம்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். உக்காரலாங்களா?

— ஐயோ, உக்காருங்க. இந்த டான்ஸ் ட்ரெஸ்ஸையெல்லாம் அப்படித் தள்ளிட்டு உக்காருங்க.

— அந்தப் பேச்சை நான் நேத்துதான் கேட்டேன். சாயங்காலம் மக்ரிப் தொழுதுட்டு வூட்டுக்கு வந்தேன். "அத்தா, நாளைக்கு ஆண்டு விழாவுல பேசறதை உங்ககிட்ட பேசிக் காட்டறேன்"ன்னா. உக்காந்தேன்.

— எப்படிப் பேசினா?

— எங்க வம்சத்துல எவனுக்கும் அந்தத் தொண்டை கிடையாது. கடல் பொங்கிச்சுன்னு சொல்றா, பனைமர உசரத்துக்கு அலை வந்துச்சுன்னு சொல்றா, சரி. அப்புறம், "என் தாயின் கரத்தைப் பற்றியிருந்தேன், என் விரல்கள் நழுவின"ன்னு சொல்றா. சொல்லிகினே வலது கையை முன்னால நீட்டி, ஒவ்வொரு விரலா பிரிக்கிறா. அதுக்கு மேல எனக்குக் காது கேக்கல டீச்சர்.

— அந்த இடத்துல எல்லாரும் அழுதுடுவாங்க பாய். விழுப்புரத்துல நடுவர் ஒருத்தர் கண்ணாடியைக் கழட்டிட்டு முகத்தைத் துடைச்சாரு.

— நான் கேக்க வந்ததே அதான். எம் பொண்ணு அன்னிக்கு கடற்கரைல இருந்தாளா?

— என்ன பாய் கேக்குறீங்க?

— நான் ஏன் கேக்குறேன்னா, நான் அப்போ சவுதில, தம்மாம்ல இருந்தேன். மச்சான் நியாஸ்தான் போன் பண்ணான். ஞாயித்துக்கிழமை காலைல மைமூன் மீன் வாங்க எக்கியார்குப்பம் போச்சு, சுனாமி வந்துடுச்சு, மத்தியானத்துக்கு மேல உப்பளத்து வரப்பு ஓரமா ஒதுங்கிக் கிடந்துச்சுன்னான். ஜனாஸாவுக்கு, அடக்கத்துக்கு எதுக்கும் என்னால வர முடியல. பாஸ்போர்ட்டு முதலாளி கையில. புள்ள எங்கடான்னு கேட்டேன். பரீட்சை லீவு, அது கிளியனூர்ல சின்னம்மா வூட்டுல இருக்குது, அதுக்கு ஒண்ணும் இல்லன்னான். அந்த ஒரு வார்த்தையை வெச்சிகினுதான் நான் அங்க ஒரு வருஷம் ஓட்டினேன். மைமூன் போயிடுச்சு, ஆனா புள்ள அதைப் பாக்கலன்னு.

— ம்.

— நேத்து பேச்சைக் கேட்டதும் நான் என்ன நெனக்கிறது? எல்லாரும் சேந்து என்கிட்ட மறைச்சிட்டாங்கன்னுதானே? காலைல மொத பஸ்ஸு புடிச்சி கிளியனூர் போனேன். மச்சினிச்சியை வாசல்ல நிக்க வெச்சி கேக்கக் கூடாததெல்லாம் கேட்டுட்டேன். அது குர்ஆன் மேல கை வெச்சி அழுவுது. "புள்ள என் வூட்டுலதான் மச்சான் இருந்தா, இட்லி துன்னுகினு இருந்தா, அக்காவைக் காணோம்னு நியாஸ் வந்து சொல்ற வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு சொல்லுது. இப்போ நீங்க சொல்லுங்க. ரெண்டு பேர்ல யார் சொல்றது பொய்யி?

— யாரும் பொய் சொல்லல பாய்.

— ரெண்டும் எப்படிங்க நெஜமா இருக்கும்?

— அதாவது, அந்தப் பேச்சு நான் எழுதிக் குடுத்தது.

— எழுதிக் குடுத்ததுன்னா?

— போட்டிக்கு எப்பவும் டீச்சருங்கதான் எழுதிக் குடுப்போம். புள்ளைங்க மனப்பாடம் பண்ணுவாங்க. எல்லா ஸ்கூல்லயும் அப்படித்தான். இந்த வருஷம் ஆழிப்பேரலைன்னு தலைப்பு குடுத்தாங்க. அவ அம்மா போன கதையை நானே எழுத எனக்கு மனசு கேக்கல. மொதல்ல அவளையே எழுதச் சொன்னேன். எழுதினா. அம்மா மீன் வாங்கப் போனாங்க, நான் சின்னம்மா வீட்டுல இருந்தேன், மாமா வந்து சொன்னாரு, அம்மா முகத்தை கடைசியா ஒரு வாட்டிதான் காட்டினாங்க. அவ்வளவுதான் எழுதியிருந்தா. அதைத்தான் பேசினா. மூணாவது பரிசு வந்துச்சு.

— மூணாவது நல்ல பரிசுதானேங்க.

— எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. கரஸ்பாண்டென்ட் சார் என்னை ரூமுக்குக் கூப்பிட்டாரு. "தாயைப் பறிகுடுத்த புள்ள பேசறா, ஒருத்தர் கண்ணுல தண்ணி வரல, என்ன டீச்சர் ட்ரெயினிங் குடுத்தீங்க"ன்னாரு. அன்னிக்குத்தான் பாய் நான் அந்தக் கையை எழுதினேன். அம்மா கூட அவளும் கடற்கரைக்குப் போன மாதிரி, அலை வந்து பிரிச்ச மாதிரி. போட்டிக்குத்தானேன்னு எழுதினேன்.

— நீங்க பாத்தீங்களா டீச்சர் அந்த அலையை?

— எனக்கு ஊரு முருக்கேரி பாய், கடலுக்குத் தூரம். அன்னிக்கு நான் களத்துல மணிலாக் கொட்டை காய வெச்சிகிட்டு இருந்தேன். டி.வி.ல காட்டினதைத்தான் பாத்தேன்.

— அவகிட்ட என்ன சொல்லி குடுத்தீங்க?

— பேச்சுன்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்மான்னு சொன்னேன். உணர்ந்து பேசு, அப்பதான் கேக்கறவங்களுக்கு உறைக்கும்னு சொன்னேன். கண்ணை மூடிக்கோ, நீ அங்க நிக்கற, அம்மா கையைப் புடிச்சிருக்கற, இப்போ தண்ணி வருதுன்னு... தினமும் லஞ்ச் அவர்ல இந்த ரூம்லதான் பழக்கினேன். விரலைப் பிரிக்கிற ஆக்‌ஷன்கூட நான் சொல்லிக் குடுத்ததுதான். அதுக்கு அடுத்த போட்டிலேயே முதல் பரிசு. அப்புறம் போன எடத்துல எல்லாம் முதல் பரிசு.

— யா அல்லாஹ்.

— தப்பா நெனக்காதீங்க பாய். அம்மா போனதுக்கு அப்புறம் அவ யார்கூடவும் பேசறதில்ல. பக்கத்துல உக்கார்ற புள்ளகிட்டகூட பேச மாட்டா. மைக் முன்னாடி நின்னப்பதான் வாயைத் திறந்தா. அவளுக்கும் இது நல்லதுன்னுதான் நெனச்சேன். சத்தியமா.

— உங்களை குத்தம் சொல்ல நான் வரலீங்க. எனக்கு இப்பதான் மூச்சே வருது. புள்ள அங்க இல்ல. எனக்கு அது போதும். ஆனா டீச்சர், அவளுக்கு அது தெரியல.

— தெரியலன்னா?

— நேத்து பேச்சு முடிஞ்சதும் கேட்டேன். நெஜமாவே நீ அங்க இருந்தியாம்மான்னு. "இருந்தேன் அத்தா"ன்னா. அம்மா பச்சை சேலை கட்டியிருந்துச்சுன்னா. கண்ணாடி வளையல் ஒடஞ்சி என் உள்ளங்கைல குத்துச்சு, அதான் விட்டுட்டேன், வலியைப் பொறுத்துகினு இருந்திருந்தா அம்மா இப்போ வூட்டுல இருந்திருக்கும்னா.

— வளையலா?

— ஆமா.

— நான் வளையல் எழுதலியே பாய். பச்சை சேலையும் எழுதல. அந்தப் பேச்சுல அதெல்லாம் இல்லவே இல்ல.

— அதான் சொல்றேன். நீங்க எழுதி முடிச்சிட்டீங்க. அவ இன்னும் எழுதிகினு இருக்கா.

— கடவுளே.

— மெட்ராஸ் ஏர்போர்ட்டுல எறங்கினதும் ஆசையா அவ கையைப் புடிச்சேன். வெடுக்குன்னு இழுத்துகினா. எப்பவாச்சும் லீவுக்கு வர்ற அப்பன், பழக்கம் இல்லன்னு நெனச்சேன். பஸ் ஸ்டாண்டுகிட்ட ரோடு தாண்டும்போதுகூட குடுக்க மாட்டேங்கறா. ஏம்மான்னு நேத்து கேட்டேன். "நான் விட்டுடுவேன் அத்தா"ன்னு சொல்றா.

— பாய், தண்ணி குடிக்கிறீங்களா?

— நீங்க குடிங்க. எனக்கு வாணாம்.

— நான் இப்போ என்ன பண்ணணும்?

— அவளைக் கூப்பிட்டு சொல்லுங்க. நீ அங்க இல்ல, இது நான் எழுதினதுன்னு.

— இப்பவேவா? பங்ஷன் முடியட்டுமே பாய். நாளைக்குக் காலைல நானே உங்க வீட்டுக்கு வர்றேன். இப்ப சொன்னா மேடைல அவளுக்கு ஒரு வார்த்தை வராது. இன்விடேஷன்ல அவ பேரு போட்டிருக்கு. சீஃப் கெஸ்ட்டு அவ பேச்சைக் கேக்கறதுக்குன்னே வர்றாரு. சார் என்னை இந்த வருஷத்தோட நிறுத்திடுவாரு.

— இன்னிக்கும் ஒரு வாட்டி அவ அம்மா கையை விடணுமா டீச்சர்? அத்தினி பேரு கை தட்றதுக்கா?

— நீங்களே சொல்லலாமே. பெத்த அப்பா சொன்னா கேக்க மாட்டாளா?

— நேத்தே சொன்னேனே, நீ கிளியனூர்லதானேம்மா இருந்தேன்னு மாமா சொன்னான்னு. "நீங்க அங்க இல்ல அத்தா, உங்களுக்குத் தெரியாது"ன்னுட்டா. நெஜம்தானே, நான் அங்க இல்ல. சின்னம்மா சொன்னா, என்னை சமாதானம் பண்றதுக்கு சொல்றாங்கன்னுவா. நீங்க சொன்னாதான் நம்புவா. உங்க மேல அவளுக்கு உசுரு. எனக்கு மெட்ராஸ் வாணாம், ஷீல்டு வாணாம். நான்தான் அம்மாவைக் கொன்னேன்னு நெனச்சிகினு எம் புள்ள வளரக் கூடாது. நான் கேக்கறது அவ்ளோதான்.

— சரி பாய். சொல்லிடறேன்.

— நல்லா இருப்பீங்க டீச்சர்.

— இப்படி ஜன்னல்கிட்ட வந்து பாருங்க. கோலாட்டம் ஆடற புள்ளைங்களுக்கு அந்தாண்ட தனியா நிக்கிறா பாருங்க. வாய் அசையுது. பேசிப் பாத்துகிட்டு இருக்கா. ஃபர்ஹானா. ஃபர்ஹானா, இங்க வா.

— இதோ வந்துட்டேன் மிஸ். அத்தா, நீங்க எப்போ வந்தீங்க? மிஸ், "ஆர்ப்பரித்த அலைகளே"க்கு அப்புறம் கொஞ்சம் நிறுத்தணுமா, இல்ல உடனே கையை நீட்டணுமா?

— அது கிடக்கட்டும். இப்படி என் பக்கத்துல உக்காரு.

— நேரமாயிடும் மிஸ். வரவேற்பு முடிஞ்சதும் நான்தான்.

— ஆவட்டும். மிஸ் ஒண்ணு கேக்கறேன், நல்லா யோசிச்சி சொல்லு. சுனாமி வந்த அன்னிக்குக் காலைல நீ எங்க இருந்த?

— கடற்கரைல மிஸ். அம்மா கூட.

— இல்ல கண்ணு. கிளியனூர்ல இருந்த. மொத வாட்டி நீயே எழுதி எடுத்துட்டு வந்து என்கிட்ட காட்டினியே, ஞாபகம் இருக்குதா? சின்னம்மா வீட்டுல இருந்தேன், மாமா வந்து சொன்னாருன்னு?

— அதுக்கு மூணாவது பரிசுதான் மிஸ் வந்தது.

— ஆமா. ஆனா அதுதான் நெஜம். நீ அம்மா கூட போனது, அலை வந்தது, கை நழுவினது, எல்லாம் நான் எழுதினது. இதே டேபிள்ல உக்காந்து, டீ குடிச்சிகிட்டே எழுதினேன், ஜெயிக்கணும்னு. நீ யார் கையையும் விடல.

— வளையல் குத்துச்சு மிஸ்.

— குத்தலம்மா. கண்ணை மூடி நெனச்சிப் பாரு, நெனச்சிப் பாருன்னு தினமும் உன்னை நிக்க வெச்சேன் பாரு, அதுல வந்தது அது. மிஸ் பண்ணது பெரிய தப்பு. உன் மேல ஒரு தப்பும் இல்ல.

— நீ இட்லி துன்னுகினு இருந்தம்மா. நியாஸ் மாமா வந்து உன்னை வண்டில கூட்டிகினு வந்தான். இன்னிக்குக் காலைலதான் சின்னம்மாவைப் பாத்துட்டு வர்றேன். சத்தியம் பண்ணுச்சு.

— வேர்க்கடலை சட்னி.

— என்னம்மா?

— சின்னம்மா வேர்க்கடலை சட்னி அரைச்சிருந்துச்சு. மாமா உள்ள வரல. செருப்போட வாசல்லயே நின்னுகினு இருந்தாரு. என்னைப் பாக்கவே இல்ல.

— அதான்மா. அல்ஹம்துலில்லாஹ். டீச்சர், புள்ளைக்கு ஞாபகம் வந்துடுச்சு.

— நான் அங்க போகவே இல்லியா மிஸ்?

— போகலடா கண்ணு. நீ அங்க இல்ல.

— மாமாவும் கிளியனூர் வந்துட்டாரு. நீங்க சவுதில இருந்தீங்க.

— ஆமாம்மா. யாரும் பாக்கல. நீயும் பாக்கல. மனசுலேருந்து அதை எறக்கி வெச்சிடு. உனக்கு இனிமே எந்த பாரமும் இல்ல.

— அப்போ அங்க அம்மா கூட யாருமே இல்லியா, அத்தா?