தங்கச்சியின் அழுகை

உங்கள் ஸ்டேஷன் டியூப்லைட்டின் சோக் போய்க்கொண்டிருக்கிறது, மேடம். அந்த ரீங்காரம் உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். எனக்குப் பழகாது. நான் சர்க்யூட் வடிவமைப்பவன். வேண்டாத சத்தத்தைக் களைவதுதான் என் பிழைப்பு.

பெட்டி பழுதாகிவிட்டதா என்று கேட்டீர்கள். அதற்கு என் மகளிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அவளுக்கு ஏழு வயது. சரியான வாயாடி. விழித்திருக்கும்போது ஒரு குறையும் கிடையாது. தூங்கினால் மட்டும் அவள் உடம்பு மூச்சுவிட மறந்துவிடும். பிறவியிலேயே அப்படி. தோளைத் தொட்டு உலுக்கினால் போதும், மூச்சு திரும்பிவிடும். ஆனால் யாராவது உலுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த கருவி ஒயரால் அவளைச் சுவரோடு கட்டிப்போட்டது மாதிரி இருந்தது. அவளுக்குப் பிடிக்கவில்லை. அதனால் நானே ஒன்று செய்தேன். நெஞ்சைச் சுற்றி ஒரு பெல்ட், அதில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. மூச்சு நின்றால் கத்தும்.

அவள் அதற்குத் 'தங்கச்சி' என்று பேர் வைத்தாள். ரொம்ப நாளாக ஒரு தங்கச்சி கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த மாதிரிப் பெட்டியில் மூன்று பேருக்குள் எப்போதும் சண்டை. வேகம், மின்சாரம், இரைச்சல். ஒரு குழந்தையின் மூச்சு தரும் சமிக்ஞை ரொம்பச் சின்னது. ஃபேன், மிக்ஸி, பக்கத்து வீட்டு மோட்டார் எல்லாம் அதன் மேல் ஏறி உட்காரும். மூச்சு நின்றதை உடனே சொல்ல வேண்டுமென்றால் பெட்டி அவசரப்பட வேண்டும். அவசரப்பட்டால் மிக்ஸி சத்தத்துக்கும் கத்தும். அவசரமும் வேண்டும், ஏமாறவும் கூடாது என்றால் மின்சாரத்தைக் குடித்துத் தீர்க்கும். பேட்டரி சூடாகிக் குழந்தையின் தோலைச் சுடும். நான் மின்சாரத்தைக் குறைத்தேன். வேகத்தை விடவில்லை. அதனால் தங்கச்சி சும்மா சும்மா அழுதாள்.

என் மனைவி ஒவ்வொரு தடவையும் ஓடினாள்.

"கண்ணு, மூச்சு விடும்மா!"

"விட்டுட்டுதாம்மா இருக்கேன். தங்கச்சிதான் பொய்யா அழறா. அவளைத் திட்டு."

குழந்தை சிரித்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வாள். என் மனைவியால் அது முடியாது. டீச்சர் வேலையை எப்போதோ விட்டுவிட்டாள். அடுப்பு முன்னால் நின்றபடியே தூங்கிக் கையைச் சுட்டுக்கொண்டாள். ஒரு நாள் ரோட்டைக் கடக்கும்போது கண்ணை மூடிவிட்டாள். பஸ் டிரைவர் பிரேக் போட்டதால் பிழைத்தாள். முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். "வேண்டாங்க, உங்களுக்கு வேலை கெட்டுடும்" என்றாள். நானும் அதிகம் வற்புறுத்தவில்லை.

பஸ் விஷயத்துக்கு அப்புறம் ஒரு நாள், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "ஒரே ஒரு மத்தியானம் முழுசா தூங்கினா போதுங்க. அந்தப் பொட்டியக் கொஞ்சம் பொறுமையா இருக்கச் சொல்லுங்களேன்."

பொறுமை என்பது சர்க்யூட்டில் சுலபமான வேலை. அலறுவதற்கு முன்னால் இன்னும் கொஞ்சம் காத்திரு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். காத்திருக்கக் காத்திருக்க இரைச்சல் தானே கரைந்துபோகும். எவ்வளவு நேரம் காத்திருந்தால் ஆபத்து என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நான் அதைத் தாண்டி வைத்தேன். பெல்ட்டை என் நெஞ்சில் கட்டிக்கொண்டு சோபாவில் படுத்து மூச்சை அடக்கிப் பார்த்தேன். கண் இருட்டி, தாங்க முடியாமல் வாயைத் திறந்தேன். பெட்டி அதுவரை கத்தவில்லை. சுத்தமான வடிவமைப்பு என்று தோன்றியது.

"இப்ப நம்பலாமா?" என்று என் மனைவி கேட்டாள்.

"நம்பலாம்" என்றேன்.

மகளுக்கு மட்டும் சந்தேகம். "அப்பா, தங்கச்சி ஏன் இப்பல்லாம் அழறதே இல்ல? உடம்பு சரியில்லையா?"

"வளந்துட்டா" என்றேன். அவளுக்கு அது பிடித்திருந்தது. இரண்டு நாள் எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக்குப் போய்விட்டு வந்தேன். கட்டிலில் இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி வாயை லேசாகத் திறந்து, கை கால்களைப் போட்டபடி கிடந்தாள். கல்யாணமான புதிதில் அப்படித் தூங்குவாள். பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. பக்கத்தில் மகள். அவள் நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

பெட்டி கத்தவில்லை. கத்த இன்னும் நேரம் இருந்தது. அந்த நேரத்தை வைத்தவன் நான்தானே.

கையை நீட்டினால் தோள் எட்டும். "கண்ணு" என்று கூப்பிட்டிருந்தால்கூடப் போதும். ஆனால் கூப்பிட்டால் அவள் அம்மா எழுந்துவிடுவாள். எழுந்தால் மறுபடியும் அதே ஓட்டம், அதே கண்கள், நாளைக்கும், அதற்கு மறுநாளும். நான் எதையும் முடிவு செய்யவில்லை, மேடம். நின்றுகொண்டிருந்தேன்.

அப்புறம் தங்கச்சி அழுதாள்.

ஆமாம், பெட்டி கத்தியது. தாமதமாகத்தான். ஆனால் அப்போதும் குழந்தையின் உதட்டில் கொஞ்சம் நிறம் இருந்தது. என் மனைவியின் புருவம் நெளிந்தது. நான் குனிந்து பொத்தானை அழுத்தி அதை அடக்கினேன். என் கை மகளின் நெஞ்சுக்கு மேலேதான் இருந்தது. அதே கையால் அவளை உலுக்கியிருக்கலாம். பெட்டியை மட்டும்தான் தொட்டேன். மனைவி புரண்டு படுத்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்துப் போர்த்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தேன்.

பொழுது சாயும்வரை என் மனைவி தூங்கினாள். பிறகு அவள் அலறியபோது ஓடிப்போனேன். மகளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு நான் அழுத அழுகையை அக்கம்பக்கத்தார் சொல்லியிருப்பார்கள். அது நடிப்பில்லை. எனக்கு அவளைத் தவிர வேறு பிள்ளை ஏது?

பெட்டியில் பழுது இல்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். என் மனைவியிடம் மட்டும் இப்போது சொல்லிவிடாதீர்கள். மாத்திரை போட்டு, இப்போதுதான் கொஞ்சம் தூங்க ஆரம்பித்திருக்கிறாள்.